பிறன்கோட் கூறல்: ஆய்வுக் கட்டுரையில் மேற்கோளும் வாக்கியச் சட்டகமும்

முன்னுரை

பினாங்குத் தீவின் தென்கிழக்கில், தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்த நகர் பாயான் பாரு. அதனைச் சூழ்ந்த வட்டாரங்களில் பணியாற்றும் தமிழாசிரியர் சிலர், தங்கள் பட்டப்படிப்புக்குரிய செயலாய்வு அறிக்கைகளின் வரைவுகளுடன் ஒரு பள்ளி விடுமுறையின்போது அங்கு நம்மைச் சந்தித்தனர். அவற்றுள் ஒன்று, தொடக்கப்பள்ளி மாணவரின் லகர, ளகர, ழகர எழுத்துப்பிழைகளைப் பற்றியது. அதன் ‘முன்னாய்வுகள்’ என்னும் இயலில் எட்டுப் பத்திகள் இருந்தன. ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆய்வாளரின் பெயருடன் தொடங்கி, ‘என்று கூறுகிறார்’ என முடிந்தது. எட்டு ஆய்வாளர்களும் பேசினர். அறிக்கையை எழுதியவர் மட்டும் பேசவில்லை.

மூன்றாம் பத்தியில் இடம்பெற்றவர், உச்சரிப்பைத் திருத்தினால் எழுத்துப்பிழை தானே நீங்கும் என்கிறார். ஆறாம் பத்தியில் இடம்பெற்றவரோ, சொல்லின் எழுத்துருவைக் கண்ணால் பழக்குவதே வழி என்கிறார். “இவ்விருவரும் முரண்படுகின்றனரே, தங்கள் கருத்து யாது?” என வினவினோம். அவ்வாசிரியை சற்றுத் தயங்கி, “அதை நான் சொல்லலாங்களா ஐயா? அவங்க எல்லாம் பெரியவங்களாச்சே” என்றார்.

இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாகும். நம் மாணவர் பலர் பிறர் கருத்தை எடுத்தாளத் தயங்குவதில்லை. எடுத்தாண்டபின் அதன் எதிரே நின்று பேசவே தயங்குகின்றனர். இத்தயக்கத்தை நீக்க வாக்கியச் சட்டகங்கள் எவ்வாறு துணைபுரியும், அவற்றுக்குத் தமிழ் மரபில் உள்ள வேர் யாது, அவை எவ்விடத்தில் பயனற்றுப் போகின்றன என்பனவற்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

வாக்கியச் சட்டகம்

வாக்கியச் சட்டகம் என்பது, பொருளுக்குரிய இடங்கள் வெற்றிடமாக விடப்பட்ட ஓர் ஆயத்தத் தொடராகும். ‘…… என்பது …… இன் துணிபு, எனினும், ……’ என்பது போன்ற ஒரு தொடரை மாணவரிடம் தந்து, வெற்றிடங்களை அவர் தம் ஆய்வுப்பொருளால் நிரப்புமாறு செய்தலே இம்முறையின் சாரம். ஆங்கிலக் கல்வியுலகில் இதனைப் பரவலாக அறியச் செய்தது ஜெரால்டு கிராஃப், கேத்தி பிர்க்கென்ஸ்டீன் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ‘தே சே / ஐ சே’ என்னும் நூலாகும். ‘அவர்கள் சொல்கிறார்கள்; நான் சொல்கிறேன்’ என்னும் அத்தலைப்பே அந்நூலின் கோட்பாட்டையும் உணர்த்திவிடுகிறது. ஆய்வெழுத்து ஓர் உரையாடல். பிறர் கூற்றை முதலில் எடுத்துரைத்து, அதற்கு விடையாகத் தன் கூற்றை வைப்பவரே அவ்வுரையாடலில் பங்குகொள்பவர் என்பது அவர்தம் நிலைப்பாடு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்லி தொகுத்த ஆய்வுத்தொடர் வங்கியும் இவ்வகையினதே. அது தொடர்களை அவற்றின் பயன்நோக்கி வகைப்படுத்தித் தருகிறது.

இம்முறையைத் தமிழ் வகுப்பறைக்குக் கொணருங்கால் இரு தடைகள் எழுகின்றன. ஒன்று, இஃது அயலார் முறை, நம் மாணவரைக் கிளிப்பிள்ளைகளாக்கும் என்னும் அச்சம். மற்றொன்று, ஆங்கிலத் தொடரமைப்பைத் தழுவிய சட்டகம் தமிழில் இயல்பாக அமையாமை. முதலாவதற்கு மரபும், இரண்டாவதற்கு மொழியமைப்பும் விடை தருகின்றன.

மரபில் பிறர் கருத்தின் இடம்

நூல் செய்வோன் பிறர் கருத்தை என் செய்ய வேண்டும் என்னும் வினாவைத் தமிழ் இலக்கணிகள் நெடுங்காலத்துக்கு முன்னரே எழுப்பியுள்ளனர். தொல்காப்பிய மரபியல் வகுத்த முப்பத்திரண்டு உத்திகளுள் பிறன்கோட் கூறல், தன்கோட் கூறல், பிறன் உடம்பட்டது தான் உடம்படுதல் ஆகியன இடம்பெறுகின்றன. பிறருடைய கொள்கையைக் கூறுதலும் தன் கொள்கையைக் கூறுதலும் வெவ்வேறு செயல்கள் என்னும் தெளிவு அங்கேயே பிறந்துவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூலில் பவணந்தி முனிவர் இதனை மேலும் விரித்து, நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க மதம் ஏழு எனப் பொதுப்பாயிரத்தில் வகுத்தார். மதம் என்பது ஈண்டுச் சமயத்தைக் குறிப்பதன்று. கொள்கையை, இன்றைய வழக்கில் கூறின் நிலைப்பாட்டைக் குறிப்பது.

உரையாசிரியர்கள் இந்நிலைப்பாடுகளுக்குரிய தொடர்களையும் ஆக்கிக்கொண்டனர். ‘என்பாரும் உளர்’, ‘எனின், அற்றன்று’, ‘என்பது போலியுரை’, ‘அஃதேல்’, ‘என்னை?’, ‘என்க’ என்பன உரைகளில் மீண்டும் மீண்டும் வருதலைக் காண்கிறோம். இவை வெறும் நடையணிகள் அல்ல. ‘என்பாரும் உளர்’ என்னும் தொடர் பிறன் கொள்கையை அறிவிக்கிறது, ‘எனின்’ என்பது எதிர்ப்பாளன் எழுப்பக்கூடிய தடையை அவன் எழுப்புமுன் தானே எடுத்துக்கொள்கிறது, ‘அற்றன்று’ அதனை மறுக்கிறது, ‘என்னை?’ என்பது மறுப்புக்குரிய காரணத்தைத் தானே கேட்டுக்கொள்கிறது. இவையே நம் முன்னோரின் வாக்கியச் சட்டகங்கள்.

பெரியோரை மறுக்கலாமா என்னும் வினாவுக்கும் இங்கு விடையுண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை செய்த சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்னும் சிறப்புப் பெயராலேயே சுட்டுகிறார். பல இடங்களில் அவர் உரையை மறுக்கவும் செய்கிறார். மதிப்பு, பெயர் சுட்டும் முறையில் இருந்தது. மறுப்பு, காரணம் காட்டும் முறையில் இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகவில்லை.

பெயர் சுட்டாமையின் இழப்பு

மரபைப் போற்றுங்கால் அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. உரையாசிரியர்கள் மேற்கோள்களை எடுத்தாளும்போது, அவை எந்நூலைச் சார்ந்தவை என்பதைப் பலவிடத்தும் கூறாமலே சென்றனர். அவர்தம் அவையில் இருந்தோர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்தன. ஆதலின் பெயர் வேண்டப்படவில்லை. அவ்வவை கலைந்தபின் நேர்ந்தது வேறு. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், நூற்பெயர் சுட்டப்படாத மேற்கோள்களின் மூலத்தைத் தேடி எவ்வளவு அல்லலுற்றார் என்பதை அவரது தன்வரலாறு காட்டும்.

இதற்கு மறுதலையாக அடியார்க்குநல்லாரைக் கூறலாம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதப் புகுந்த அவர், இசை, நாடகச் செய்திகளுக்குத் தாம் துணைக்கொண்ட நூல்களாக இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகிய ஐந்தனையும் பெயர் சுட்டிக் கூறினார். இவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் கிடைத்து அச்சேறியது. இத்தகைய பழைய இசை, நாடக நூல்களைப் பற்றி நாம் இன்று அறிவது பெரிதும் இவ்வாறு பெயர் சுட்டியோரின் வாயிலாகவே ஆகும்.

ஆதலின், மூலத்தின் பெயரையும் ஆண்டையும் பக்கத்தையும் சுட்டுதல் பல்கலைக்கழகம் விதித்த வெறுஞ்சடங்கு எனக் கொள்ளற்க. முன்னோர் மொழியைப் பொன்போல் போற்றி அவ்வாறே எடுத்தாளலாம் என்னும் கருத்தும் நன்னூலில் உண்டு. அதனைக் காட்டித் தம் படியெடுப்புக்கு அரண் தேடும் மாணவரையும் நாம் கண்டதுண்டு. அவ்விதி, கேட்டவுடனே ‘இது தொல்காப்பியர் மொழி’ என அறியும் அவைக்கு உரியது. இன்றைய வாசகர் அவ்வாறு அறியார். அவர்க்கு அறிவிக்கும் கடன் எழுதுவோர்க்கு உண்டு.

ஏழு மதமும் ஏழு சட்டகமும்

நன்னூலின் ஏழு மதங்களையும் இன்றைய ஆய்வுரைநடைக்கு ஏற்ற சட்டகங்களாக நாம் பின்வருமாறு அமைத்துக்கொண்டோம்.

1. உடன்படல்: ‘…… என்னும் இவர் கருத்து ஏற்புடையது, ஏனெனில், ……’

2. மறுத்தல்: ‘…… என இவர் கருதுகிறார். இஃது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை; ஏனெனில், ……’

3. பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல்: ‘…… என்பது …… என்ற அளவில் உண்மையே. எனினும், …… ஐ நோக்குமிடத்து அது பொருந்தவில்லை, ஏனெனில், ……’

4. தான் ஒன்றை நாட்டி நிறுவுதல்: ‘இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து …… என்பதாகும். இதற்குச் சான்றாக அமைவது ……’

5. இருவர் மாறுகோளில் ஒருதலை துணிதல்: ‘…… என ஒருவரும் …… என மற்றொருவரும் கருதுகின்றனர். இவ்விரண்டனுள் பின்னையதே பொருந்துவதாகும்; ஏனெனில், ……’

6. பிறர் நூலின் குறை காட்டல்: ‘இவ்வாய்வு …… ஐத் தெளிவுபடுத்துகிறது, ஆயின், …… ஐக் கருத்திற் கொள்ளவில்லை. இதனால் ……’

7. பிறவற்றோடு படாது தன் மதம் கொள்ளல்: ‘இதுகாறும் …… என்றே நோக்கப்பட்டது. இங்கு …… என்னும் வேறொரு கோணம் மேற்கொள்ளப்படுகிறது. அதற்குக் காரணம் ……’

ஆறாவது மதம், ‘ஆய்வு இடைவெளி’ என இன்று நாம் மாணவரைத் தேடச் சொல்லும் அதனையே குறித்தல் காண்க. ஐந்தாவது, மேலே சுட்டிய ஆசிரியைக்கு வேண்டியிருந்த சட்டகமாகும். ஏழனுள்ளும் மிகுதியாகப் பயன்படத்தக்கது மூன்றாவது எனலாம். முழுமையாக உடன்படுதலும் முற்றாக மறுத்தலும் ஆய்வில் அரிதாகவே நிகழும். ஒரு பகுதியை ஏற்று மறுபகுதியை விலக்குதலே பெரும்பான்மை.

இச்சட்டகங்கள் யாவற்றிலும் ‘ஏனெனில்’ என்றோ, ‘சான்றாக’, ‘இதனால்’, ‘காரணம்’ என்றோ ஒரு சொல் நிற்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மற்ற வெற்றிடங்களை நூலைப் பார்த்து நிரப்பிவிடலாம். இவ்வொன்றை மட்டும் எழுதுபவர் தாமே சிந்தித்து நிரப்ப வேண்டும். சட்டகம் மாணவரைக் கிளிப்பிள்ளையாக்கும் என்னும் அச்சத்துக்கு விடை இங்கேயே உள்ளது. தொடர் பொதுவாயினும் காரணம் பொதுவாவதில்லை.

தமிழ்த் தொடரில் குரலின் எல்லை

இனி மொழியமைப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் கூறுபவர் முதலில் வருவார். கூற்று பின்னர் வரும். மலாயிலும் ‘மெனுருட்’ எனத் தொடங்கி ஆய்வாளரின் பெயரை முதலில் வைப்பது பெருவழக்கு. தமிழிலோ வினை ஈற்றில் நிற்றலின், ‘என்கிறார்’ என்பதை எட்டும்வரை அக்கூற்று யாருடையது என்பது உறுதிப்படாமல் இருக்கக்கூடும். மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துத் தமிழில் எழுதும் நம் மாணவர்க்கு இஃது ஒரு தனி இடர்ப்பாடு. இரண்டு, மூன்று தொடர்களில் ஒருவர் கருத்தைச் சுருக்கி உரைத்துவிட்டு இறுதித் தொடரில் மட்டும் ‘என்கிறார்’ என முடித்தால், முன்னைய தொடர்கள் யாவும் மாணவருடைய கூற்றாகவே வாசிக்கப்படும். கருத்துத் திருட்டு எனக் குற்றம் சாட்டப்படுவனவற்றுள் சில இவ்வாறு அறியாமல் நேர்வன.

இதனைத் தவிர்க்கத் திறப்பும் அடைப்பும் வேண்டும். ‘…… இன் நோக்கில்’, ‘…… இன் கூற்றுப்படி’, ‘…… கருதுவது யாதெனின்’ என்பன திறப்புகள். ‘என்பது அவர் துணிபு’, ‘இதுகாறும் கூறியது அவர் கருத்து, இனி ……’ என்பன அடைப்புகள். திறப்புக்கும் அடைப்புக்கும் இடைப்பட்டது பிறன்கோள். அடைப்புக்குப் பின் வருவது தன்கோள். ஒருவர் தம் வரைவை எடுத்து, பிறன்கோளை ஒரு நிறத்திலும் தன்கோளை மற்றொரு நிறத்திலும் அடிக்கோடிட்டுப் பார்ப்பாராயின் குறை எளிதில் புலப்படும். ஒரு பக்கம் முழுதும் ஒரே நிறமாக இருப்பின், அப்பக்கத்தில் உரையாடல் நிகழவில்லை என்பது பொருள்.

மலாய், ஆங்கில மூலத்தைத் தமிழாக்கித் தரும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். தமிழாக்கிய தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டால், அச்சொற்கள் மூல ஆசிரியருடையன என்று ஆகிவிடும். ‘மொழியாக்கம் கட்டுரையாளருடையது’ என்னும் ஒரு குறிப்பு இம்மயக்கத்தை நீக்கும். சொல்லுக்குச் சொல் வேண்டாத இடத்தில் மேற்கோள் குறியின்றிப் பொழிப்பாகத் தந்து மூலத்தைச் சுட்டுதலே சாலும்.

வினைச்சொல்லின் பொறுப்பு

‘கூறுகிறார்’ என்னும் ஒரே வினையால் எல்லாக் கருத்துகளையும் கட்டுதல் நம் கட்டுரைகளின் பொதுக்குறை. குறிப்பிடுகிறார், சுட்டுகிறார் என்பன நடுநிலையின. கருதுகிறார், எண்ணுகிறார் என்பன அக்கருத்து அவருடையதே என எல்லை வகுப்பன. வாதிடுகிறார், வலியுறுத்துகிறார் என்பன எதிர்க்கருத்தும் உண்டு என்பதை உணர்த்துவன. ஐயுறுகிறார் என்பது மூல ஆசிரியர் முடிவுக்கு வரவில்லை என்பதைக் காட்டும். நிறுவுகிறார், மெய்ப்பிக்கிறார், உணர்த்துகிறார் என்பனவோ வேறு வகையின. இவற்றைப் பயன்படுத்துவோர் அம்முடிபைத் தாமும் ஏற்றுக்கொண்டவராகின்றனர். ‘இவர் நிறுவியுள்ளார்’ என எழுதிவிட்டு அடுத்த பத்தியில் அதனை மறுத்தல் தன்னொடு தான் முரணுவதாகும். வினையைத் தேர்தலே ஒரு நிலைப்பாட்டைத் தேர்தல் என்பதை மாணவர்க்கு உணர்த்த வேண்டும்.

பினாங்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

இவற்றை ஒருங்கே பயிற்றுதற்கு நம் மாநிலத்தின் வரலாறே நல்லதொரு களம். மலேசியத் தமிழ்க் கல்வியைப் பற்றிய மாணவர் கட்டுரைகள், ‘மலேசியாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கில் தொடங்கியது’ என்னும் தொடரை மூலம் சுட்டாமலேயே முதற்பத்தியில் வைத்தலைப் பலகாலும் கண்டுள்ளோம். அனைவரும் அறிந்த செய்திக்கு மூலம் எதற்கு என்பது அவர்தம் எண்ணம்.

உறுதியாக அறிவன சிலவே. பினாங்கு பிரீ ஸ்கூல் 1816 அக்டோபர் 21ஆம் நாள், ஆங்கிலிக்கப் பாதிரியார் ஹட்சிங்ஸின் முயற்சியால் தோன்றியது. அதனைத் தொடக்கமாகக் கொண்டு மலேசியத் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டு 2016இல் நினைவுகூரப்பட்டது. இனி, ஒருவர் ‘அப்பள்ளியில் தமிழ் வகுப்பு நடைபெற்றது’ என்கிறார். மற்றொருவர் ‘முதல் தமிழ்ப்பள்ளி 1816இல் தோன்றியது’ என்கிறார் எனக் கொள்வோம். இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலப் பள்ளியொன்றினுள் நிகழும் வகுப்பு வேறு. தனியே இயங்கும் தமிழ்ப்பள்ளி வேறு. மூன்றாம் சட்டகம் இவ்விடத்தில் கைகொடுக்கும்: ‘1816ஐத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்ளுதல், பள்ளியமைப்பினுள் தமிழ் இடம்பெற்ற அளவில் பொருந்தும். எனினும், அதனைத் தமிழ்ப்பள்ளியின் தொடக்கமாகக் கொள்ளுதற்குத் தனிச்சான்று வேண்டும். ஏனெனில், வகுப்பும் பள்ளியும் வேறு வேறு அமைப்புகள்.’

பொழிப்புரைத்தலின் இடரும் இதே எடுத்துக்காட்டில் வெளிப்படுகிறது. அப்பள்ளியின் பெயரைச் சிலர் ‘இலவசப் பள்ளி’ எனத் தமிழாக்குகின்றனர். ஆயின், இன, சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் திறந்திருந்தமையே பெயரிலுள்ள ‘பிரீ’ என்னும் சொல்லின் கருத்து என்பது அப்பள்ளி வரலாற்றில் தரப்படும் விளக்கம். ஒரு சொல்லின் தமிழாக்கம் கட்டணமின்மை என்னும் வேறொரு வரலாற்றையே படைத்துவிடக் காண்கிறோம். மூலத்தைத் தாமே கண்ணுற்றவர்க்கும் பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியவர்க்கும் உள்ள வேறுபாடு இத்தகைய இடங்களிலேயே புலனாகும்.

வெற்றுச் சட்டகம்

சட்டகத்தின் பயனைக் கூறிய நாம் அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். மூலத்தைப் படியாமலே சட்டகத்தை நிரப்புதல் இயலும். ‘இவ்வாய்வு மிகவும் பயனுள்ளது, எனினும், இன்னும் விரிவாகச் செய்யப்பட்டிருக்கலாம்’ என்பதை எந்த நூலைப் பற்றியும் எழுதிவிடலாம். எந்நூலுக்கும் பொருந்தும் தொடர் எந்நூலைப் பற்றியும் எதுவும் கூறுவதில்லை. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இத்தகைய தொடர்களை நொடியில் ஆக்கித் தருகின்றன. இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் படைத்துத் தருதலும் உண்டு. ஒப்புமை காணும் மென்பொருளோ, சொற்கள் ஒத்திருத்தலைக் காட்டுமேயன்றி, எழுதியவர் நிலைப்பாடு இன்றி எழுதியதைக் காட்டாது. அதனைக் காண வல்லவர் ஆசிரியர் ஒருவரே. ‘இவர் இதனை எப்பக்கத்தில் கூறுகிறார்? தங்களுக்கு உடன்பாடா? ஏன்?’ என்னும் மூன்று வினாக்களை நேரிற் கேட்டல் போதும்.

பழகியபின் சட்டகத்தைக் கைவிடவும் பயிற்ற வேண்டும். ஒரு கட்டுரை முழுதும் ‘இவ்விரண்டனுள் பின்னையதே’ என்று வருமாயின் வாசகர் சலிப்படைவர். முதலாண்டு மாணவர்க்குச் சட்டகத்தை முழுமையாகத் தரலாம். அடுத்த ஆண்டில் ‘எனினும்’, ‘ஏனெனில்’ என்னும் இணைப்புச் சொற்களை மட்டும் தரலாம். இறுதியாண்டில் மதத்தின் பெயரை மட்டும் கூறித் தொடரை அவர்களையே ஆக்கச் செய்யலாம்.

முடிவுரை

பிறர் கருத்தைக் கட்டுரைக்குள் கொணர்தல் மூன்று கடமைகளை உடையது. அது யாருடையது எனச் சுட்டுதல், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என எல்லை வகுத்தல், அதனைத் தாம் என்ன செய்கிறோம் எனக் காரணத்துடன் கூறுதல் என்பன அவை. வாக்கியச் சட்டகம் இம்மூன்றையும் மாணவர் மறவாதிருக்கச் செய்யும் ஒரு துணைக்கருவி. அக்கருவி நம் உரை மரபில் முன்னரே இருந்தது. அதனைப் புதுக்கிப் பயன்படுத்துதலே இன்றைய தேவை.

பாயான் பாருவில் நம்மிடம் வினா எழுப்பிய ஆசிரியை, ஐந்தாவது மதத்துக்குரிய சட்டகத்தைக் கொண்டு தம் இயலைத் திருத்தி எழுதினார். அதன் ஒரு பத்தியை அவர் இசைவுடன் ஈண்டுத் தருகிறோம்: ‘உச்சரிப்புப் பயிற்சியே எழுத்துப்பிழையை நீக்கும் என்பது முதலாமவர் துணிபு, சொல்லின் எழுத்துருவைக் கண்ணால் பழக்குவதே பயனுடையது என்பது இரண்டாமவர் துணிபு. இவ்விரண்டனுள் பின்னையதே என் வகுப்புக்குப் பொருந்துவதாகத் தெரிகிறது. ஏனெனில், ழகரத்தைத் திருத்தமாக ஒலித்த மாணவர் சிலரும் சொல்வதெழுதுதலில் பழம் என்பதைப் பளம் என எழுதினர். எனினும், ஒரு வகுப்பின் பட்டறிவைக் கொண்டு முதலாமவர் கருத்தை முற்றும் மறுத்தல் இயலாது.’

பெரியோர் இருவரின் கருத்தும் இப்பத்தியில் மதிப்புடனேயே எடுத்துரைக்கப்பட்டுள்ளன. மாணவரின் எழுத்தேட்டிலிருந்து அவர் காட்டிய ‘பளம்’ என்னும் சொல், எட்டு ஆய்வாளர்களின் பத்திகளிலும் இல்லாத சான்று. அச்சான்றைக் கூறும் உரிமை அவருக்குத் தொடக்கம் முதலே இருந்தது. சட்டகம் அதற்கு ஓர் இடத்தை மட்டுமே ஒதுக்கித் தந்தது.